ஊதுபத்தி ஏற்றினால் நாற்றம் போகுமா?

ஆலப்புழையில் வீட்டுப் படகு ஏறுகிறவர்களை முதலில் வரவேற்பது இளநீர். அறைக்குள் நுழைந்ததும் வரவேற்பது ரூம் ஸ்ப்ரே. மல்லிகையோ எலுமிச்சையோ, மூக்கைத் துளைக்கும். ஒரு மணி நேரத்தில் ஸ்ப்ரே அடங்கியதும் அடியில் பதுங்கியிருந்த சங்கதி மெல்லத் தலையை நீட்டும். அழுகிய முட்டை, ஈரச் சாக்கு, டீசல் மூன்றும் கலந்த ஒரு வாடை! கேட்டால் ரெடிமேடாக ஒரு பதில் இருக்கிறது: "படகுன்னா அப்படித்தான் சார் இருக்கும்."

எல்லாப் படகும் அப்படியில்லை. ஆனால் நாறுகிற படகுகளில் எல்லாம் சொல்லப்படுவது இந்த ஒரே பதில்தான். இது சுத்தப் பொய்.

கேரளத்துக் கெட்டுவள்ளம் ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியே இல்லாமல் கயிற்றால் கட்டிச் செய்வது. நெல் மூட்டை சுமந்த காலத்தில் அதில் ஏசியும் இல்லை, கழிவுத் தொட்டியும் இல்லை. 1990களில் சுற்றுலாவுக்காக அதை வீடாக மாற்றினார்கள். மெத்தை, குழாய், சமையலறை எல்லாம் உள்ளே வந்தன. நாற்றமும் கூடவே வந்தது. ஆக, குற்றவாளி படகல்ல. படகுக்குள் வைத்ததும், வைத்தபின் கவனிக்காமல் விட்டதும்தான்.

ஒவ்வொரு நாற்றத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. தேடினால் கிடைக்கும்.

அழுகிய முட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. காற்றுப் புகாத இடத்தில் தேங்கிய கழிவிலும் தண்ணீரிலும் பாக்டீரியா உண்டாக்கும் வாயு. முதலில் பார்க்க வேண்டியது கழிவுத் தொட்டியின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று. அடுத்தது ரப்பர் குழாய்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழாயில் சுற்றி, ஆறியபின் எடுத்து முகர்ந்தால் போதும். துணி நாறினால் குழாயே நாற்றத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். அதை எத்தனை முறை கழுவினாலும் பிரயோஜனமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஈரச் சாக்கு வாடை பூஞ்சணத்தின் வேலை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். மெத்தைக்குக் கீழே இடைவெளி விட்டுச் சட்டம் அடித்துக் காற்று ஓடவிட்டால் பாதி தீரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தால் மீதியும் தீரும். அது பெரும்பாலும் தரைப்பலகைக்கு அடியில், கசிவு நீர் சேரும் பள்ளத்துக்குத்தான் போகும். சமையலறையில் மீன் கழுவிய தண்ணீரும், இன்ஜினிலிருந்து ஒழுகிய டீசலும் அங்கேயே சங்கமம். அந்தப் பலகையைக் கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று கேட்டால் ஆளாளுக்கு முகத்தைப் பார்ப்பார்கள்.

தேடுவதற்கும் ஒரு நேரம் உண்டு. படகை இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் வெளியாள் ஒருவரை உள்ளே அனுப்ப வேண்டும். தினமும் அங்கேயே படுத்து எழுகிறவர்களின் மூக்கு பழகிப்போயிருக்கும். அவர்கள் "ஒண்ணும் வரலையே" என்று சொல்வது உண்மையாகவே வராததால்தான்.

இதெல்லாம் சும்மா சுத்தம் பற்றிய விஷயம் என்று ஒதுக்க முடியாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். அந்த வாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் துர்நாற்றம் சேர்க்கிறார்கள். அதன்மேல் மல்லிகையைத் தெளிப்பது, குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப் போவது மாதிரி.

ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தொட்டால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கிற அந்த நிமிடம்தான் ஆளைக் கொல்லும் நிமிடம். கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர்கள் செத்துப்போன செய்தி இந்த நாட்டில் ஓயவே இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும் ஓயவில்லை. படகில் இருப்பது சின்னத் தொட்டிதானே என்று கூலியாளின் தலையை உள்ளே விடச் சொல்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டுகிறவருக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் என்கிற விஷவாயு.

நாற்றத்தை ஒழிக்க இன்னொரு சுலப வழி உண்டு. இரவில் ஒரு வால்வைத் திறந்துவிட்டால் போதும், தொட்டி காலி! படகு மணக்கும். ஏரி?

வேம்பநாட்டுக் காயல் 2002இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. குட்டநாட்டு வயல்களுக்குள் உப்புநீர் ஏறாமல் இருக்க, கோடை மாதங்களில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகளை மூடுகிறார்கள். கடல் வந்து கழுவிக்கொண்டு போகிற வழி அப்போது அடைபடுகிறது. சுற்றுலாப் பயணிகள் குவிகிற மாதங்களில் ஒரு பகுதியும் அதுதான். கரையில் பாத்திரம் கழுவுகிற பெண்ணும் குளிக்கிற பிள்ளையும் அந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறார்கள். அது நாற்றத்தை ஒழித்ததாகாது, அடுத்தவன் வீட்டுக்கு அனுப்பி வைத்ததாகும்.

"கரையில் கழிவை உறிஞ்சி எடுக்க வசதி பத்தலை, செலவும் ஜாஸ்தி" என்பது உரிமையாளர்கள் தரப்பு வாதம். இருக்கலாம். வசதி பத்தவில்லை என்றால் அதற்காக அரசாங்கத்தின் சட்டையைப் பிடிக்க வேண்டும், ஏரியின் தலையில் கொட்டக் கூடாது. செலவு என்றால் வாடகையில் சேர்க்கட்டும். ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிற கூட்டம் அதையும் கொடுக்கும்.

அந்தக் கூட்டமும் யோக்கியமில்லை. மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வேன் பிடித்துப் போகிறவர்கள் கேட்கிற கேள்விகள் இரண்டே: ஏசி உண்டா? கரிமீன் உண்டா? "கக்கூஸ் தண்ணி எங்கே போகுது?" என்று மூன்றாவதாக ஒன்றைக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடாது. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் பதில் தயாராகும்.

அதுவரை ஸ்ப்ரே டப்பாவுக்குக் கொண்டாட்டம்தான்.