பம்பாய்ச் சவரன்

நகைக்கடையில் 8 கிராமுக்கு வழங்கும் சவரன் என்ற சொல், பிரிட்டனின் ‘சாவரின்’ தங்க நாணயத்திலிருந்து வந்தது. பவுன் என்பதும் அதே நாணயம்தான். அதன் சரியான எடை 7.988 கிராம், நம் வணிகம் அதை 8 ஆக நிரவிக்கொண்டது. பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம். இன்று நகைகளில் 916 என்று முத்திரை குத்தப்படும் 22 காரட்டும் இதே தரம்தான்.

சவரனுக்கு முன்னால் சென்னையில் செல்வாக்கோடு இருந்தது வராகன் என்ற தங்கக் காசு. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அப்பகுதியை ஆண்ட நாயக்கர் அளித்த சாசனத்திலேயே நாணயம் அடிக்கும் உரிமையும் இருந்தது. உள்ளூர் மக்கள் வாங்க மறுக்காத காசு வேண்டுமே! அதனால் கம்பெனி தன் காசில் இங்கிலாந்து ராஜாவைப் போடாமல் பெருமாளைப் போட்டது. மூன்று சாமி வராகனில் வேங்கடேசர் இரு தேவியரோடு நிற்பார். நட்சத்திர வராகனில் ஒருபுறம் திருமால், மறுபுறம் குமிழ்குமிழான பரப்பில் ஐந்துமுனை நட்சத்திரம். எடை ஏறக்குறைய 3.4 கிராம். ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது கணக்கு. 1818-இல் வெள்ளி ரூபாயே சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயம் ஆனது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். வராகன் கையால் அடித்த காசு என்பதால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. சேகரிப்பவருக்கு அலுக்காத காசு இது.

1835-இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் பொது நாணயம் வந்தபோது தங்கத்தில் மொஹர் அடித்தார்கள். நான்காம் வில்லியம் தலை பொறித்த அதன் எடை 11.66 கிராம். இரட்டை மொஹர் மிக அரிது. ஏலக்கூடத்தில் பார்க்கலாம், சாதாரணச் சேகரிப்பாளர் கைக்கு வராது.

கைக்கு எட்டுவது 1918-ஆம் ஆண்டுக் காசு. 1899 முதல் சவரன் இந்தியாவில் 15 ரூபாய்க்குச் செல்லும் சட்டப்படியான நாணயமாக இருந்தது. முதல் உலகப்போரின் நெருக்கடியில் பம்பாயிலேயே தங்க நாணயம் அடிக்க முடிவானது. முதலில் ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு 15 ரூபாய் தங்க நாணயம் வந்தது. எடையிலும் தரத்திலும் அது சவரனேதான். ஏறத்தாழ 21 லட்சம் அச்சாயின. பிறகு லண்டன் நாணயச்சாலையின் கிளை பம்பாயில் திறக்கப்பட்டு, சுமார் 13 லட்சம் சவரன்கள் வெளிவந்தன. குதிரைமேல் அமர்ந்து பறவைநாகத்தை வீழ்த்தும் ஜார்ஜ் புனிதர் உருவத்துக்குக் கீழே, நிலக்கோட்டின் நடுவில், ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து பொடியாக இருக்கும். பிரிட்டிஷ் ஆட்சியில் அந்த எழுத்தோடு சவரன் வந்தது அந்த ஓராண்டு மட்டுமே.

விலையைத் தீர்மானிப்பது நாணயத்தின் நிலை. காசு மாலைக்காக வளையம் பற்றவைத்த சவரன், வளையத்தை எடுத்த பிறகும் தங்க விலைக்குத்தான் போகும். விளிம்பில் பற்றவைத்த தழும்பு மறையாது. உரைகல்லில் தேய்த்த கீறலும் அப்படியே. பூந்திக்கொட்டை போட்டுப் பளபளவென்று கழுவுவது நகைக்குச் சரி, காசுக்குக் கெடுதல். பரிசோதிக்க நுண்தராசும் விட்டத்தை அளக்கும் கருவியும் போதும்: சவரனின் விட்டம் 22.05 மில்லிமீட்டர். ஆனால் சரியான தங்கத்திலேயே செய்த போலிகளும் உண்டு. அவற்றை எடை காட்டிக்கொடுக்காது. எழுத்தின் கூர்மையை லென்ஸில் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பழைய அச்சுகளைக் கொண்டு நாணயச்சாலையே பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காக அடித்துத் தந்த மறு அச்சுகள் வேறு. அவை போலி அல்ல. ஆனால் அசலின் விலையும் அவற்றுக்குக் கிடையாது.

சட்டம் இரண்டு. நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-இன் புதையல் சட்டம்.

பாட்டியின் காசு மாலையை உருக்கக் கொடுக்கும் முன், ஒவ்வொரு காசிலும் குதிரைக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுங்கள்.