கேட்டவர்க்கே கிடைக்கும்

அரியலூர் மாவட்ட மாணவர்களுக்கு ஏலாக்குறிச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கொள்ளிடத்திற்கு வடக்கே உள்ள சிற்றூர் அது. வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுப் பாடிய ஊர். இத்தாலியில் 1680-இல் பிறந்து, 1710-இல் இந்தியா வந்த பெஸ்கி பாதிரியார்தாம் அவர். இயேசு சபையைச் சேர்ந்தவர். நம் உடை உடுத்தி, நம் மொழி கற்று, தேம்பாவணி என்ற காப்பியமும், சதுரகராதியும், தொன்னூல் விளக்கமும், பரமார்த்த குரு கதையும் நமக்குத் தந்தவர்.

இந்த ஊரின் பெயரைக் கேட்டால் எனக்குச் சீனா நினைவுக்கு வரும். ஏன் என்று கேட்கிறீர்களா? இதே இயேசு சபை சீனாவுக்கும் பாதிரியார்களை அனுப்பியது. மத்தேயோ ரிச்சி என்பவர் 1582-இல் மக்காவில் வந்திறங்கினார். அவரும் இத்தாலியரே. அவரும் சீன உடை உடுத்தினார். சீன மொழி கற்றார். 1601-இல் தலைநகரான பெய்ஜிங்கை அடைந்தபோது பேரரசருக்கு அவர் கொண்டு சென்ற பரிசுகளில் கடிகாரங்களும் இருந்தன. அங்கே சூ குவாங்ச்சி என்ற அறிஞர் அவருக்கு நண்பரானார். இருவரும் சேர்ந்து யூக்ளிட்டின் வடிவ கணித நூலின் முதல் ஆறு பாகங்களைச் சீன மொழியில் பெயர்த்து 1607-இல் வெளியிட்டனர். கலிலியோ தொலைநோக்கியால் கண்டவற்றை உலகுக்கு அறிவித்தது 1610-இல். ஐந்தே ஆண்டுகளில், 1615-இல், அந்தச் செய்தி சீன மொழி நூலொன்றில் அச்சேறிவிட்டது!

ஒரே சபை, ஒரே வகையான கல்வி. ஆனால் சீனாவுக்கு யூக்ளிட் போனார். நமக்குக் காப்பியமும் அகராதியும் வந்தன. ஏன் இந்த வேறுபாடு?

தமிழகத்தில் தொலைநோக்கியே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார் 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து ஒரு வால்மீனைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஆல்ஃபா சென்டாரி என்பது ஓர் விண்மீன் அன்று, இரட்டை விண்மீன் என்று கண்டறிந்தார். வீரமாமுனிவர் வருவதற்கு இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது. கருவி நம் கடற்கரைக்கு வந்துவிட்டது.

நம்மவர்களுக்கு வானியல் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1768-இல் புதுச்சேரி வந்த லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர், கிரகணம் கணிக்கும் முறையை ஒரு தமிழரிடம் கற்றார். 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை அந்த முறைப்படி கணித்தபோது 41 விநாடி குறைந்தது. லெ ஜென்டில் கொண்டுவந்த ஐரோப்பிய அட்டவணைகளின்படி கணித்தபோது 68 விநாடி கூடியது. நம் முறை தோற்கவில்லை என்பது மட்டுமன்று. சற்று முந்தியே நின்றது.

அப்படியானால் எது இல்லை? கேட்பதற்கு ஓர் இடம் இல்லை என்பதே என் கருத்து.

சீனாவில் அந்த இடம் இருந்தது. அங்கே நாட்காட்டி தயாரிப்பது அரசின் கடமை. கிரகணம் தவறான நேரத்தில் வந்தால் அது அரசுக்கே அவமானம். எனவே வானியலுக்கென்று ஓர் அரசு அலுவலகம் நூற்றாண்டுகளாக இயங்கி வந்தது. 1629 ஜூன் 21-ஆம் நாள் சூரிய கிரகணம் வரவிருந்தது. பழைய சீன முறை, இஸ்லாமிய முறை, புதிய ஐரோப்பிய முறை ஆகிய மூன்றின்படியும் முன்கூட்டியே நேரம் குறித்தனர். ஐரோப்பிய முறையில் சூ குவாங்ச்சி குறித்த நேரமே சரியாக அமைந்தது. உடனே நாட்காட்டியைத் திருத்தும் பணியைப் பேரரசர் அவரிடம் ஒப்படைத்தார்.

1668 டிசம்பர் இறுதியில் இன்னொரு சோதனை. நட்டு வைத்த கம்பத்தின் நண்பகல் நிழல் எவ்வளவு நீளம் இருக்கும் என்பதை முன்னதாகச் சொல்ல வேண்டும். வெர்பீஸ்ட் என்ற பாதிரியார் மூன்று நாள்களும் சரியாகச் சொன்னார். அடுத்த ஆண்டே அந்த அலுவலகத்தின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1673-இல் அவர் செய்து முடித்த ஆறு கருவிகளைப் பெய்ஜிங்கின் பழைய வானாய்வுக் கூடத்தில் இன்றும் காணலாம்.

யார் சொன்னார் என்று பாராமல், முன்னதாகச் சொல்லவைத்து, அளந்து பார்த்து முடிவு செய்தார்கள் அல்லவா? அறிவியல் என்பது இதுதான். நம் ஊர்ப் பஞ்சாங்கக் கணிதரையும் ஐரோப்பிய வானியலாளரையும் ஒரே முற்றத்தில் நிறுத்தி இப்படிக் கேட்க இங்கே யாரும் இருக்கவில்லை. நம் புலவர்கள் வீரமாமுனிவரிடம் கவிதையைக் கேட்டார்கள், இலக்கணத்தைக் கேட்டார்கள், அள்ளித் தந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் சீனாவின் கதை இதோடு முடிந்துவிடவில்லை. அங்கே கேட்டது அரண்மனை மட்டுமே. காங்சி பேரரசர் தாமே ஆசையோடு வடிவ கணிதம் பயின்றவர். ஆனாலும் அரசுத் தேர்வுகளில் ஐரோப்பிய அறிவியலையும் சேர்க்க வேண்டும் என்று 1683-இல் வெர்பீஸ்ட் தொகுத்தளித்த நூலை அவருடைய அரசு ஏற்கவில்லை. அந்தத் தேர்வில் வென்றால்தான் பதவி. தேர்வு கேட்டதோ பழம்பெரும் நூல்களையும் கட்டுரை எழுதும் திறனையும். தேர்வில் வராததை எந்த மாணவன் படிப்பான்? யூக்ளிட்டின் மீதிப் பாகங்கள் சீன மொழிக்கு வந்தது 1857-இல்தான். இடையில் 250 ஆண்டுகள்! அந்தத் தேர்வு முறையை 1905-இல் ஒழித்தார்கள். சீனா பின்தங்கியதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கைக்கு 1616-இல் திருச்சபை தடை விதித்திருந்தது. ஆகவே பாதிரியார்கள் சீனர்களுக்குக் கற்பித்தது, சூரியன் பூமியைச் சுற்றுவதாகக் கொண்ட டைக்கோ பிராகேயின் அமைப்பையே. கொடுப்பவர் எதைக் கொடுக்கிறாரோ அதோடு நின்றுவிடாமல் மேலும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

மாணவ நண்பர்களே, இவ்வளவையும் எதற்காகச் சொன்னேன்? கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்குத் தமிழ்வழியில் படித்து வரும் மாணவர்களை நன்றாகத் தெரியும். அறிவில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் வகுப்பில் அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “ஐயா, இது தேர்வில் வருமா?” சீனாவின் 250 ஆண்டுகளை விழுங்கிய கேள்வி அல்லவா இது!

“ஆங்கிலத்தில்தான் எல்லாம் இருக்கிறதே, தமிழில் எதற்கு?” என்பார்கள் சிலர். ஆங்கிலம் அவசியம் படியுங்கள். ஆனால் சூ குவாங்ச்சி தாம் மட்டும் இலத்தீன் கற்று நின்றிருந்தால் அவர் ஒருவருக்குத்தான் யூக்ளிட் தெரிந்திருக்கும். அவரும் ரிச்சியும் செங்கோணத்திற்கும் குறுங்கோணத்திற்கும் விரிகோணத்திற்கும் வழங்கிய சொற்களைச் சீனப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் வகுப்பில் சொல்கிறார்கள். தமிழிலும் இது நடந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிரீன், மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். அங்கே அதைக் கற்க மாணவர்கள் இருந்தார்கள், நூலும் வந்தது.

ஆகவே கேளுங்கள். ஆசிரியரிடம், நூலகத்தில், இதழ்களுக்கு எழுதும் கடிதங்களில், உங்கள் மொழியில், தேர்வைத் தாண்டிக் கேளுங்கள். விடை வந்தால் அதையும் அளந்து பாருங்கள். வெர்பீஸ்ட் செய்த சோதனைக்கு அரண்மனை தேவையில்லை. பள்ளி மைதானம் போதும். ஒரு மீட்டர் கோல் ஒன்றைச் செங்குத்தாக நடுங்கள். ஏலாக்குறிச்சி ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 22-ஆம் நாள் நண்பகலில் அங்கே அந்தக் கோலின் நிழல் சுமார் 68 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்டு நான்காம் வாரத்தில் ஒரு நாளும் நண்பகலில் நிழலே விழாது. அந்த நாள்கள் எவை? முன்னதாகக் கணக்கிட்டு எழுதி வையுங்கள். பிறகு அளந்து பாருங்கள். நான் சொன்னது சரியா என்பதையும் அந்தக் கோலே சொல்லிவிடும்.