தருவைகுளத்தில் படகு ஏறி தீவுக்குப் போகலாமா? மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் என்ன விதி?

வீக் எண்ட் வந்தால் தூத்துக்குடி, தருவைகுளம் பக்கம் போய், ஒரு படகைப் பிடித்துத் தீவுக்குப் போய்ட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால், நினைத்தவுடன் போக முடியாது. ஏன்?

எந்தத் தீவுகள்?

தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்த்து, 1986ல் தேசியப் பூங்காவாகத் தமிழக அரசு அறிவித்தது. பரப்பு 560 சதுர கி.மீ. வான், காசுவார், விலாங்குசல்லி, காரைச்சல்லி ஆகிய நான்கும் தூத்துக்குடி பக்கத் தீவுகள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

21ல் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள். ஒன்று விலாங்குசல்லி, இன்னொன்று கீழக்கரை பக்கத்துப் பூவரசன்பட்டி. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். அலையைத் தடுக்கும் பாறை போனால் மணலும் போகும். 1969ல் சுமார் 21 ஹெக்டேர் இருந்த காரைச்சல்லி, 2018ல் 6 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கிவிட்டது. வான் தீவைச் சுற்றி 2015 முதல் செயற்கைப் பாறைகள் இறக்கிய பிறகுதான் அங்கே அரிப்பு குறைந்தது.

சுற்றுலா வந்தால் யாருக்கு லாபம்?

சிக்கல் இங்கேதான். தருவைகுளம் ஆழ்கடல் மீன்பிடிப்பை நம்பியிருக்கும் ஊர். பூங்கா வந்த பிறகு, தீவுகளில் இறங்கக் கூடாது என்ற தடையைச் சுமப்பது இந்தக் கரையோர மீனவர்கள்தான். நாளை சுற்றுலாப் படகு ஓடி, வருமானம் மட்டும் வெளியே போனால், 'எங்களுக்குத் தடை, அவங்களுக்கு டிக்கெட்டா?' என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கும். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வேறு வழி இருக்கிறது. அங்கே வனத்துறையோடு சேர்ந்து ஊர் மக்களே அலையாத்திக் காட்டுக்குப் படகு ஓட்டுகிறார்கள்.

சரி, எங்கே போகலாம்?

காரங்காடு ஒன்று. பாம்பன் அருகே குந்துகாலில் இருந்து வனத்துறை ஏற்பாட்டில் குருசடைத் தீவு இன்னொன்று. கிளம்பும் முன் படகு ஓடுகிறதா என்று வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். தனிப் படகில் 'சும்மா கூட்டிட்டுப் போறேன்' என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள். பிடிபட்டால் வழக்கு உங்கள் மீதும் வரும், படகுக்காரரின் பிழைப்பும் போகும்.