பாரத்தை அளக்குற ஃபாரம்

2018-ல நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில (பேர் வேண்டாமே!) வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். கையில ஸ்டாப்வாட்ச்சை வெச்சுக்கிட்டு, ஒரு பீஸ் தைக்க எத்தனை செகண்ட் ஆகுதுன்னு லைன்ல குறிச்சுக்கிட்டே சுத்துற ஆளு. டெய்லர்களுக்கு என்னைப் பார்த்தா எவ்வளவு பாசம் பொங்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க :-)

அப்ப ஒரு பேச்சு வந்துச்சு. டெய்லர்கள் உட்காருற ஸ்டூலுக்கு முதுகு சாயுற பலகை கிடையாது. அதை மாத்தி சேர் போடலாமா? மேனேஜ்மென்ட் கேட்டது ஒரே கேள்விதான்: "பிரச்சனை இருக்குன்னு டேட்டா இருக்கா?" டேட்டா எடுக்குற வேலை என் தலையில விழுந்துச்சு.

நானும் இணையத்துல தேடி நோர்டிக் வினாத்தாளைப் பிடிச்சேன். 1987-ல வெளியானது. இன்னிக்கும் உலகம் பூரா பயன்படுத்துறாங்க. ஒரு மனுஷ உருவம் வரைஞ்சு, கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, மேல்முதுகு, கீழ்முதுகு, இடுப்பு-தொடை, முழங்கால், பாதம்னு 9 இடமா பிரிச்சிருப்பாங்க. கடந்த 12 மாசத்துல வலி இருந்ததா? கடந்த 7 நாள்ல? அதனால வழக்கமான வேலை தடைபட்டதா? அவ்வளவுதான். தமிழ்ப்படுத்தி, மேல பேரும் டோக்கன் நம்பரும் எழுத இடம் விட்டு, சூப்பர்வைசர் கையில குடுத்தேன். மறுநாள் எல்லாம் திரும்பி வந்துடுச்சு.

முக்கால்வாசி ஃபாரத்துல மேலயிருந்து கீழ வரைக்கும் 'இல்லை', 'இல்லை', 'இல்லை'.

அட, நம்ம கம்பெனி ஆளுங்க எல்லாம் இரும்பாலயா செஞ்சிருக்காங்க? சந்தேகத்தோட டீ டைம்ல ஓவர்லாக் தைக்கிற ஒரு அக்காகிட்ட கேட்டேன். கழுத்துல தைலம் தேய்ச்சுக்கிட்டே சொன்னாங்க: "வலியெல்லாம் இல்லீங் தம்பி. சாயங்காலமானா தோள்பட்டை கடுகடுன்னு கடுக்கும். ராத்திரி கையி மரத்துப் போயிரும். அது எல்லாத்துக்கும் இருக்கறதுதானுங்களே."

அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொண்ணும் சொன்னாங்க: "பேரு போட்டு வலின்னு எழுதுனா, இவளுக்கு முடியலைன்னு ஓவர்டைம் குடுக்க மாட்டாங்க. எதுக்குங் வம்பு?"

ரெண்டு அடி, ஒரே இடத்துல. முதல் அடி என் தமிழுக்கு. நம்ம ஊர்ல கடுப்பு வேற, குடைச்சல் வேற, மரத்துப் போறது வேற, இழுத்துப் பிடிக்கிறது வேற. 'வலி'ன்னா ஆஸ்பத்திரிக்குப் போற சமாச்சாரம். மூல வினாத்தாள்ல வலியோட சேர்த்து, சும்மா அசௌகரியம் இருந்தாலும் சொல்லுன்னுதான் கேட்டிருக்காங்க. நான் எல்லாத்தையும் ஒரே வார்த்தையில அடைச்சுட்டேன். ரெண்டாவது அடி என் புத்திக்கு. ஓவர்டைம் குடுக்குற ஆள் கையிலேயே ஃபாரத்தைக் குடுத்தா, யாருங்க உண்மையை எழுதுவா?

உடனே சிலர் சொல்லுவாங்க, "அதான் சார், ஆளுங்களைக் கேக்கவே கூடாது, மெஷினை வெச்சு அளக்கணும்"னு. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எத்தனை மணி நேரம் குனிஞ்சிருந்தேன்னு கேட்டா யாருக்கும் சரியா சொல்லத் தெரியாது. வலி இருக்கறவங்க வேலைப் பளுவைக் கொஞ்சம் கூட்டியே சொல்றாங்கன்னும் ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. ஆனா மெஷினுக்கும் எல்லாம் தெரிஞ்சுடாது. மணிக்கட்டுல கட்டுற வாட்ச் இதயத் துடிப்பைச் சொல்லும். தையல் மெஷின் முன்னாடி 8 மணி நேரம் கழுத்தைக் குனிஞ்சு, தோளைத் தூக்கியே வெச்சிருக்கறதுல துடிப்பு பெருசா ஏறாது. தசைதான் ஓய்வே இல்லாம இறுகிக்கிட்டு இருக்கும். வாட்ச்சைக் கேட்டா 'சும்மா உட்கார்ந்திருக்காங்க'ன்னுதான் சொல்லும்.

ஸ்வீடன்ல குன்னர் போர்க்னு ஒரு உளவியலாளர் இருந்தார். "எவ்வளவு சிரமமா இருக்கு?"ன்னு கேட்டு 6-லிருந்து 20-க்குள்ள ஒரு எண் சொல்லச் சொல்றது அவரோட அளவுகோல். அதென்ன 6-லிருந்துன்னு கேட்டா, சொல்ற எண்ணைப் பத்தால பெருக்குனா ஆரோக்கியமான ஆளோட இதயத் துடிப்புக்கு ஏறக்குறைய வரணும்னு அமைச்சதாம். அதாவது மனுஷன் சொல்றதை நம்பலாம், அதுக்கும் உடம்புக்கும் தொடர்பு இருக்குன்னு காட்டுன அளவுகோல் அது. நடக்கறது, சைக்கிள் மிதிக்கிறது மாதிரி வேலைக்கு நல்லாவே ஒத்துப்போகும். ஆனா அதுல 13 சொன்னா ஓவர்டைம் போகும்னா, எல்லாரும் 6-தான் சொல்லுவாங்க!

அதனால என் கட்சி இதுதான். கேளுங்க, கட்டாயம் கேளுங்க. ஆனா பேர் வேண்டாம். சூப்பர்வைசர் வேண்டாம், வெளியாள் வாங்கட்டும். திங்கக்கிழமை காலையில கேக்காம ஷிஃப்ட் முடியுற நேரத்துல கேளுங்க. அவங்க வார்த்தையில கேளுங்க. கூடவே நின்னு கண்ணால பாருங்க. முக்கியமா, வேலையை விட்டு நின்னவங்களையும் தேடிப் போய்க் கேளுங்க. முடியாதவங்க ஏற்கெனவே போயிட்டாங்க, மிச்சம் இருக்கறவங்ககிட்ட மட்டும் கேட்டா எல்லாரும் நல்லாத்தானே இருப்பாங்க?

இவ்வளவு வக்கணையா பேசுறியே, நீ என்ன செஞ்சேன்னு கேப்பீங்க. அந்த அக்கா சொன்னதுக்கு அப்புறமும், ஃபாரத்துல இருந்ததை அப்படியே கூட்டி ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுபடி எடுக்கணும்னு சொல்லத் தைரியம் வரலை. 'பெரிய பிரச்சனை இல்லை'ன்னு மேல போச்சு. சேர் வரலை. அடுத்த வருஷம் அந்த அக்கா கையைத் தூக்க முடியலைன்னு நின்னுட்டாங்க.

பயந்துக்கிட்டு 'இல்லை'ன்னு எழுதுனது அவங்க மட்டும் இல்லை, நானுந்தான். அவங்களுக்காவது ஓவர்டைம் போயிடும்னு ஒரு காரணம் இருந்துச்சு.