கரண்ட் அளக்கும் மீட்டர் வாங்கப் போகிறீர்களா?

கம்ப்யூட்டர் புதிதாக வந்த வீட்டில் கரண்ட் பில் எகிறினால், பழி அதன் மேல்தான் விழும். பிள்ளைகள் அதைத் தொடவே தடை வரும். நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். எண்ணைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அளந்து பாருங்கள்.

ஆனால் மெயின் போர்டு வயரைக் கவ்வும் கிளாம்ப் மீட்டரை முதலில் வாங்காதீர்கள். மலிவான கிளாம்ப்கள் ஆம்பியரை மட்டும் அளக்கும். அதை 230 வோல்ட்டால் பெருக்கினால் கிடைப்பது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். பவர் ஃபேக்டர் 0.6 உள்ள பழைய எஸ்.எம்.பி.எஸ். 60 வாட் எடுத்தால் கணக்கு 100 என்று வரும். வீட்டு பில்லோ வாட் கணக்கில்தான். த்ரீ ஃபேஸ் வீடென்றால் மூன்று கிளாம்ப் வேண்டும், எலக்ட்ரீஷியன் கூலி வேறு.

என் ஓட்டு, பிளக் பாயின்டில் செருகும் சிறிய மீட்டருக்கே. வாட், யூனிட், பவர் ஃபேக்டர் மூன்றையும் காட்டுகிறதா, கரண்ட் போய் வந்தாலும் கணக்கு அழியாமல் இருக்குமா என்று கடையிலேயே கேளுங்கள். வை-ஃபை இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அதுவும் கரண்டில்தான் ஓடுகிறது!

ஃபிரிட்ஜில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவதால் ஐந்து நிமிட அளவு உதவாது. அடுத்து யூ.பி.எஸ். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அது 10 வாட் இழுத்தால், தமிழ்நாட்டின் இரண்டு மாத பில்லில் 14.4 யூனிட் அதற்கே போகும். கீசருக்கு 16 ஆம்பியர் தாங்கும் மாடல் வேண்டும். 6 ஆம்பியர் மீட்டரை அங்கே செருகவே கூடாது.