உங்க ஃபைலைத் தூக்க ஆன்டிவைரஸுக்கு யார் பெர்மிஷன் கொடுத்தது?

மாசாமாசம் எஸ்ஐபி போகணும்னா முதல்ல நீங்க ஒரு மேண்டேட் கொடுக்கணும். கார்டுல ஆட்டோ டெபிட் இருந்தா, பணம் எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே உங்களுக்குத் தகவல் வரணும்னு ஆர்பிஐ விதி இருக்கு. 199 ரூபாய் எடுக்கவே இவ்வளவு கேள்விமுறை. ஆனா உங்க லேப்டாப்ல உட்கார்ந்திருக்கிற ஆன்டிவைரஸ், நீங்க நாலு வருஷமா பார்த்துப் பார்த்து வளர்த்த எக்ஸெல் ஷீட்டை ஒரு வார்த்தை கேட்காம தூக்கிடும். ஸ்கிரீன் மூலையில "அச்சுறுத்தல் நீக்கப்பட்டது"னு ஒரு சின்ன பாப்-அப் வரும், அஞ்சு செகண்ட்ல மறைஞ்சிடும்.

நல்ல ஃபைலை வைரஸ்னு தப்பா முடிவு பண்றதுக்கு ஃபால்ஸ் பாசிட்டிவ்னு பேர். இதுல நம்ம ஆளுங்க அதிகம் மாட்டுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஃபண்டோட என்ஏவியை நெட்ல இருந்து தானா எடுத்துட்டு வர்ற மேக்ரோ ஷீட் வச்சிருக்கீங்களா? நெட்டுக்குப் போகுது, எதையோ இறக்குது, ஃபைல்ல எழுதுது. வைரஸ் அனுப்புறவனும் எக்ஸெல் மேக்ரோவை வச்சு இதையேதான் பண்றான். மென்பொருள் செயலைத்தான் பார்க்கும், உங்க நோக்கம் அதுக்குத் தெரியாது. வருமான வரித் துறையே ரிட்டர்ன் போட மேக்ரோ வச்ச எக்ஸெல் யுட்டிலிட்டி கொடுக்குது. ஜூலை 30 ராத்திரி பதினோரு மணிக்கு, பாதி நிரப்பின அந்த ஃபைல் காணாமப் போச்சுன்னு வைங்க. கெடு தாண்டினா 234எஃப் படி ரூ.5,000 வரைக்கும் லேட் ஃபீஸ். அதைக் கட்டப்போறது நீங்கதான், ஆன்டிவைரஸ் கம்பெனி இல்ல.

"பெரிய கம்பெனிங்க இப்படித் தப்பு பண்ணுமா?"ன்னு கேட்கலாம். நிறையவே பண்ணியிருக்காங்க. 2010 ஏப்ரல் 21-ல மெக்காஃபி விட்ட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி ஓடுறதுக்கே தேவையான எஸ்விசிஹோஸ்ட் ஃபைலை வைரஸ்னு பிடிச்சது. கம்ப்யூட்டருங்க திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆச்சு, அமெரிக்காவுல மருத்துவமனைகள்ல கூட வேலை தடைப்பட்டுது. 2011 செப்டம்பர் 30-ல மைக்ரோசாஃப்ட்டோட ஆன்டிவைரஸ், கூகுள் குரோமையே பேங்க் பாஸ்வேர்டு திருடுற ஸ்பாட் ட்ரோஜன்னு சொல்லி சிலரோட கம்ப்யூட்டர்ல இருந்து தூக்கிடுச்சு. 2012-ல சோஃபோஸ் பண்ணதுதான் உச்சம்: தன்னோட சொந்த அப்டேட்டரையே வைரஸ்னு பிடிச்சது! 2017 ஏப்ரல்ல வெப்ரூட் விண்டோஸ் ஃபைல்களைப் பிடிச்சுது. 2022 செப்டம்பர்ல விண்டோஸ் டிஃபெண்டர், குரோம் மாதிரி சாதாரண ஆப்களைத் திறக்கும்போதெல்லாம் அலறுச்சு.

அவங்க பக்கத்துலயும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். 2017 மே மாசம் வானாக்ரை பரவினப்போ, உள்ள வந்ததும் ஃபைல்களைப் பூட்டிட்டு பணம் கேட்டுது. அந்த நேரத்துல "அனுமதிக்கலாமா?"ன்னு ஒரு பெட்டியைக் காட்டிட்டு, நீங்க மீட்டிங் முடிச்சு வர்ற வரைக்கும் காத்திருந்தா கதை முடிஞ்சிடும். அதுவுமில்லாம, கேட்டா மட்டும் நாம படிச்சா பார்க்கிறோம்? கை தானா ஓகே அமுக்கும்.

அதனால என் கருத்து இதுதான்: நிறுத்துறதுக்கு அனுமதி கேட்க வேண்டாம், அழிக்கிறதுக்குக் கண்டிப்பா கேட்கணும். சந்தேகம் வந்தா பேங்க் உங்க டிரான்ஸாக்‌ஷனை நிறுத்தி வச்சிட்டு "இது நீங்கதானா?"ன்னு கேட்கும், பணத்தைக் கொளுத்திப் போடாது. அதே மாதிரி ஃபைலைத் தனியா குவாரன்டைன்ல வை, எந்த ஃபைல், ஏன்னு தெளிவா சொல்லு, முடிவை என்கிட்ட விடு. அதுவும் நானே உருவாக்கின டாக்குமென்ட்னா இன்னும் கூடுதல் நிதானம் வேணும். காசு வாங்குற மென்பொருள் இதைக் கூட செய்யலைன்னா எதுக்குக் காசு? தவிர, ரெண்டு தடவை பொய்யா அலறினா மூணாவது தடவை நிஜமா வர்றப்போ நாமே அதை ஆஃப் பண்ணிடுவோம். அந்த நஷ்டம் பேங்க் பேலன்ஸ்ல தெரியும்.

ஃபைல் காணோம்னா பதறாதீங்க. விண்டோஸ் செக்யூரிட்டியில 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யைத் திறங்க, குவாரன்டைன்ல இருந்தா 'ரீஸ்டோர்' இருக்கும். அதுக்கு முன்னாடி அந்த ஃபைல் எங்கிருந்து வந்ததுன்னு யோசிங்க. நீங்க எழுதினதா, இல்ல டெலிகிராம் குரூப்ல யாரோ அனுப்பின "இலவச டிரேடிங் ஷீட்டா"? ரெண்டாவதுன்னா ஆன்டிவைரஸ் சொல்றதை நம்புங்க. வைரஸ்டோட்டல் தளத்துல ஏத்திப் பார்க்கலாம்தான், ஆனா பான் நம்பர், சம்பள விவரம் இருக்கிற ஃபைலை மட்டும் ஏத்தாதீங்க, அங்க ஏத்துறது மத்தவங்க கைக்கும் போகலாம். விலக்கு கொடுக்கணும்னா ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் கொடுங்க, டவுன்லோட்ஸ் மொத்தத்துக்கும் வேண்டாம். ஆபீஸ் லேப்டாப்னா ஐடி டீமுக்கு டிக்கெட் போடுறதைத் தவிர வழியில்ல. அதனாலதான் சொல்றேன், சொந்தக் கணக்கு ஷீட்டை ஆபீஸ் மெஷின்ல வைக்காதீங்க, ஒரு காப்பி கிளவுட்லயும் ஒரு காப்பி பென் டிரைவ்லயும் இருக்கட்டும்.

அப்புறம் அந்த ரினியூவல். முதல் வருஷம் தள்ளுபடியில வாங்கின ஆன்டிவைரஸ், ரெண்டாவது வருஷம் முழு விலையில தானா ரினியூ ஆகும். விண்டோஸோட வர்ற டிஃபெண்டர் இலவசம், சம்பளக்காரங்க பெரும்பாலானவங்களுக்கு அப்டேட் ஒழுங்கா ஓடினா அதுவே போதும்ங்கிறது என் எண்ணம். காசு கொடுத்துத்தான் வாங்குவேன்னா, டிரையல் காலத்துலயே செட்டிங்ஸைத் திறந்து "வைரஸ் கிடைத்தால் என்னைக் கேள்"ங்கிற ஆப்ஷன் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கார்டு மேண்டேட்டை அன்னைக்கே கேன்சல் பண்ணிடுங்க.