முதலில் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்: தீவக மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை மக்களே,

15, 16 வயதுப் பிள்ளை ஒருத்தி கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் எங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாடசாலைக்குச் சொல்லியனுப்புகிறோம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடுகிறார்கள். கோயிலில் வைத்துத் தாலியைக் கட்டி அலுவலை முடிக்கிறார்கள். கிளினிக் என்ற நினைப்பு வரும்போது ஐந்தாம் மாதமோ ஆறாம் மாதமோ ஆகிவிடும். இந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறோம். முதலில் கிளினிக். மற்ற எல்லாம் பிறகு.

எங்கள் நாட்டு ஒழுங்குப்படி கர்ப்பவதி எட்டு வாரத்துக்குள் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். போலிக் அமிலம், இரத்தப் பரிசோதனை, பிரஷர் பார்ப்பது எல்லாம் அங்கேதான் தொடங்கும். 20 வயதைத் தாண்டிய தாயைவிடப் பதின்ம வயதுத் தாய்க்குப் பிரஷர் ஏறி வலிப்பு வருவதும், குழந்தை மாதம் நிறையாமலோ நிறை குறைந்தோ பிறப்பதும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் போதனா வைத்தியசாலை பக்கத்தில். நெடுந்தீவுப் பிள்ளைக்கு? குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலக் கடல், அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தரை. 1990 இலக்கத்து அம்புலன்ஸ் இறங்குதுறை வரைதான் வரும், கடலில் ஓடாது. காற்றுக் கடுமையாகிப் படகு நின்றுவிட்டால் கடற்படைப் படகைக் கேட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் தீவுத் தாய்மார் நாள் கிட்டுமுன்பே யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய் இருக்கிறார்கள். வீட்டுக்குள் ஒளித்து வைத்த பிள்ளைக்கு நாளே தெரியாது.

“கிளினிக்குக்குப் போனால் பொலிசுக்குப் போகுமே” என்கிறீர்கள். ஒளிக்காமல் சொல்கிறோம்: 16 வயதுக்குக் குறைந்தவள் என்றால் போகும். 1995இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவைப்படி, அவள் சம்மதித்தாள் என்றாலும் அது வன்புணர்வுதான். ஆனால் மறைத்ததால் அந்தக் கேள்வி இல்லாமல் போகாது. பிரசவ வார்ட்டில் வயதைப் பதியும்போது அதே கேள்வி வரும், அதற்குள் பிள்ளையின் உடம்பு கெட்டிருக்கும். தாலியும் குற்றத்தை அழிக்காது. 18 வயது நிரம்பாமல் கல்யாண எழுத்து எழுத முடியாது என்பதால், அந்தத் தாலியை நம்பி அவள் சட்டப்படி எதையும் கேட்கவும் முடியாது. செய்தவன் சொந்தக்காரன் என்றால் கேட்கவே வேண்டாம், மூடிமறைப்பதற்கு எல்லாருடைய கையும் நீளும்.

2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் போன மாணவி கொல்லப்பட்டபோது வடக்கு முழுவதும் கடையடைத்து வீதியில் இறங்கியது. 2017 செப்டெம்பரில் ஏழு பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அன்று குரல் கொடுத்த இதே ஊர்கள், உயிரோடு இருக்கிற பிள்ளை ஒருத்தி கர்ப்பமாக நின்றால் “அவளும்தானே போனவள்” என்கின்றன. இதை எங்களால் ஏற்க முடியவில்லை.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறோம். ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ தரம் 9 வரை எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற பாடம். இனப்பெருக்கச் சுகாதாரம் வருகிற அலகில் மட்டும் “வீட்டில் வாசியுங்கோ” என்று பக்கத்தைத் தள்ளாதீர்கள். வீட்டில் அதை வாசிக்கவிடமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். பிள்ளை பெற்ற மாணவி தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவாவது சாதாரண தரம் எழுத, அதிபர்மார் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தாலே பெரிய உதவி.

கரு தங்காமல் தடுக்கும் அவசரக் கருத்தடை மாத்திரையை உறவுக்குப் பின் 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு வேளைக்கோ அவ்வளவு நல்லது. யாழ்ப்பாணத்தில் பார்மசியில் வாங்கலாம். எல்லாரும் எல்லாரையும் தெரிந்த தீவில் ஒரு பிள்ளை அதை யாரிடம் போய்க் கேட்பாள்? கரு தங்கிய பிறகு, அதைக் கலைக்க யாரோ சொன்ன குளிசையை விழுங்குகிறாள். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதிக்கவில்லை, அந்தப் பயத்தில் இரத்தம் போகப் போக வீட்டிலேயே கிடக்கிறாள். தயவுசெய்து கொண்டுபோங்கள். கரு கலைந்து வருகிறவளுக்கு அரச வைத்தியசாலையில் சிகிச்சை உண்டு. என்ன குடித்தாள் என்பதை டொக்டரிடம் மறைக்க வேண்டாம்.

கிளினிக் வாங்கில் இருக்கிற அக்காமாரே, உங்களிடமும் ஒரு சொல். அந்தப் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டதும் எல்லாத் தலையும் திரும்புகிறது. ஒருவர் கழுத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் “எழுத்து முடிஞ்சுதோ பிள்ளை?” என்கிறார். அடுத்த மாதம் அவள் வரமாட்டாள். அவளுக்கு இரத்தம் குறைவு என்று அட்டையில் எழுதியிருந்ததைப் பிறகு பார்ப்பதற்கு ஆளிருக்காது.

சுகாதார அமைச்சு நாட்டில் சில இடங்களில் இளவயதினருக்கென்றே ‘யொவுன் பியச’ நிலையங்களை நடத்துகிறது. தீவுகளுக்கும் அந்தச் சேவை வரவேண்டும் என்று சுகாதார வைத்திய அதிகாரிகளிடம் கேட்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும், தாய்மார் கிளினிக் நடக்காத நாளாக இருக்கட்டும், பெடியன்களும் வரலாம் என்று அறிவியுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடங்களை நிரப்புங்கள்.

வன்முறை என்று சந்தேகப்பட்டால் 1929க்கு எடுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. காசில்லை, இரவும் பகலும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தனியே போகத் தயக்கம் என்றால் எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். படகுக்கும் பஸ்ஸுக்கும் கூட வருவோம்.

இப்படிக்கு,
தீவகத் தாய்மார், ஆசிரியைகள், ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்கள்